ஓ-யூ-ஜி-எச் வரும் ஆங்கிலச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டின் முன்னறையில் சாயங்கால ட்யூஷன் எடுக்கிறேன். சனி, ஞாயிறில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் தங்கை வீட்டு மாடியில் ஒரு வகுப்பு. இரண்டு ஊரிலும் பிள்ளைகள் வந்து முட்டிக்கொண்டு நிற்கும் இடம் ஒன்றுதான்: ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்தும் அடுத்தடுத்து வரும் ஆங்கிலச் சொற்கள். பிள்ளைகள் கேட்டது, அவர்களைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள் வாசலில் நின்று கேட்டது, வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் போனில் கேட்டது எல்லாவற்றையும் அவரவர் வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன்.

படிக்கும் முன் ஒரு சின்ன ஏற்பாடு. எழுத்துக்கூட்டும் இடங்களில் 'டீ' என்றால் டேபிளின் முதல் எழுத்து, 'டி' என்றால் டாக்டரின் முதல் எழுத்து. அதேபோல் 'பீ' என்றால் பென்சிலின் முதல் எழுத்து, 'பி' என்றால் பஸ்ஸின் முதல் எழுத்து. நான்கு எழுத்தையும் ஒவ்வொரு தடவையும் சொல்லாமல் பல இடங்களில் 'நாலெழுத்து' என்றே எழுதியிருக்கிறேன்.

மிஸ், நாலு எழுத்துதானே? இதுல அப்படி என்ன கஷ்டம்?

மற்ற எழுத்துக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரு ஒலி, மிஞ்சினால் இரண்டு ஒலி தரும். டீயும் ஐ-ஓ-என்னும் சேர்ந்து வந்தால் 'ஷன்' என்று கண்ணை மூடிக்கொண்டு வாசித்துவிடலாம். இந்த நாலெழுத்து அப்படி இல்லை. அன்றாடச் சொற்களிலேயே ஏழு விதமாக ஒலிக்கிறது. 'எழுத்தைப் பார்த்து வாசி' என்று சொல்லிக்கொடுத்த பாடம் இந்த இடத்தில் கைகொடுக்காது. நன்றாகப் படிக்கிற பிள்ளையும் தடுமாறும். அதனால் 'இவனுக்கு ஸ்பெல்லிங் வராது' என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம்.

அந்த ஏழு ஒலியும் எது எதுன்னு ஒரே இடத்துல சொல்லுங்க மிஸ்.

பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளிலிருந்து தொடங்குகிறேன். எல்லார் பையிலும் ஒரு ரஃப் நோட்டு இருக்கிறது. அந்த ரஃப் என்ற சொல்லில் இருக்கிறது நாலெழுத்து: ஆர்-ஓ-யூ-ஜி-எச். இங்கே ஒலி 'அஃப்'. டஃப் (கடினம்), இனஃப் (போதும்) இரண்டும் இதே கூட்டம். அடுத்தது வீட்டு அலமாரியில் இருக்கும் காஃப் சிரப். அதில் 'ஆஃப்'. இதற்கு ஒரே ஒரு கூட்டாளிதான் முக்கியம், ட்ராஃப். மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி என்று பொருள். ஐப்பசி, கார்த்திகையில் ஆங்கில வானிலை அறிக்கையைக் கேட்டால், காற்றழுத்தம் குறைந்த நீண்ட பகுதிக்கு இந்தச் சொல் காதில் விழும். மழைக்காலத்தில் வானத்தைப் பார்த்தபடி வாழும் கடலூர்க்காரர்களுக்கு இதை மறக்க முடியாது.

மூன்றாவது 'ஔ': ப்ளௌ (ஏர்), பௌ (மரக்கிளை), ட்ரௌட் (வறட்சி). நான்காவது 'ஓ': தோ, ஆல்தோ (இரண்டுக்கும் 'ஆனாலும்' என்று பொருள்), அப்புறம் டோ (பிசைந்த மாவு). ஐந்தாவது 'ஊ': இதில் த்ரூ (வழியாக) தனி ஆள். த்ரூஅவுட் போல அதோடு ஒட்டிப் பிறந்தவை மட்டும் கூட வரும். ஆறாவது 'ஆட்': தாட், பாட், ப்ராட் என்று டீயில் முடிபவை. ஏழாவது தரோ (முழுமையான), பரோ (நகரப் பிரிவு) ஆகியவற்றின் கடைசியில் வருவது. இங்கிலாந்துக்காரர்கள் அதைத் தேய்ந்த 'அ'வாகச் சொல்வார்கள், அமெரிக்கர்கள் 'ஓ' என்பார்கள். நம் வகுப்பில் 'தரோ' என்றே சொல்லிக்கொடுக்கிறேன். எப்படிச் சொன்னாலும் தவறில்லை.

ஒரு ரூல்கூட இல்லையா? எல்லாத்தையும் மனப்பாடம்தானா?

உருப்படியான ஒரு விதி இருக்கிறது, அதை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். நாலெழுத்துக்குப் பின்னால் டீ வந்து சொல் முடிந்தால் ஒலி 'ஆட்'. பாட், ப்ராட், தாட் (நினைத்தான்), ஃபாட் (சண்டையிட்டான்), சாட் (தேடினான்), ஆட் (செய்ய வேண்டும்), நாட் (பூஜ்யம்) எல்லாம் இதில் அடக்கம். அன்றாடச் சொற்களில் இதை மீறுவது ட்ரௌட் ஒன்றுதான்.

டீ இல்லாமல் எச்-சிலேயே முடிந்தால் விதி கிடையாது. ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட அன்றாடச் சொற்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ரஃப், டஃப், இனஃப், காஃப், ட்ராஃப், ப்ளௌ, பௌ, தோ, ஆல்தோ, டோ, த்ரூ, தரோ, பரோ. பதின்மூன்றுதான். வாரத்துக்கு மூன்று என்று வைத்தால் ஒரு மாதம், கூட ஒரு சில நாள். ஐம்பது சொல்லை அச்சடித்துச் சுவரில் ஒட்டி ஒரே ராத்திரியில் ஒப்பிக்கச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படிப் படித்த பிள்ளைகள் இரண்டாம் நாளே டோவையும் தோவையும் மாற்றி எழுதுகிறார்கள்.

பாட், ப்ராட் ரெண்டும் எனக்கு எப்பவும் மாறிப் போகுது. எது வாங்கினேன், எது கொண்டுவந்தேன்?

ஆர் என்ற எழுத்தைத் தேடு. கொண்டுவருவது 'ப்ரிங்', அதில் ஆர் இருக்கிறது. அதன் இறந்தகாலமான ப்ராட்டிலும் ஆர் இருக்கிறது. வாங்குவது 'பை', அதில் ஆர் இல்லை. பாட்டிலும் இல்லை. அவ்வளவுதான்.

பெரியவர்களும் இதில் தவறுகிறார்கள். ஒரு பையன் விடுமுறைக் கட்டுரையில், திருப்பாதிரிப்புலியூர்க் கடையிலிருந்து அப்பா பலாப்பழம் 'பாட்' என்று எழுதியிருந்தான். அப்பா வாங்கினாரா, கொண்டுவந்தாரா என்று கேட்டேன். 'காசு குடுக்கல மிஸ், அது மாமா கடை, சும்மா குடுத்தாங்க' என்றான். அப்படியென்றால் ஆர் போடு என்றேன். அதற்கப்புறம் அவன் அதைத் தப்பாக எழுதியதே இல்லை.

சரி, பாட்ல ஓ வருது. காட், டாட்ல ஏ வருது. ரெண்டும் ஒரே மாதிரிதானே கேக்குது?

காதுக்கு ஒன்றுதான், எழுத்தில்தான் வேறு. பிடித்தான் என்ற காட், கற்பித்தார் என்ற டாட் இரண்டிலும் ஓ-வுக்குப் பதில் ஏ: ஏ-யூ-ஜி-எச்-டீ. இதற்கும் ஒரு பிடி இருக்கிறது. அவற்றின் நிகழ்காலமான 'கேட்ச்', 'டீச்' இரண்டையும் எழுதிப் பார்த்தால் உள்ளே ஏ இருக்கும். இறந்தகாலத்திலும் அதே ஏ வருகிறது. பை, ப்ரிங், திங்க், ஃபைட், சீக் ஐந்திலும் ஏ கிடையாது. அதனால் அவற்றின் இறந்தகாலத்தில் ஓ.

ஏ-யூ-ஜி-எச் கூட்டத்திலும் ஒரு முரண்டு உண்டு. டாட்டர் (மகள்), நாட்டி (குறும்பு) என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே லாஃப் (சிரி) என்று 'ஃப்' வந்து நிற்கும்.

உச்சரிக்கவே மாட்டோம்னா ஜியும் எச்சும் எதுக்கு மிஸ் அங்க உக்காந்திருக்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். ஒரு காலத்தில் உச்சரித்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் தொண்டையில் காற்று உரசி வரும் ஓர் ஒலி இருந்தது. 'எஃகு', 'அஃது' என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள், ஃ வரும் இடத்தில் மூச்சு உரசுகிறதே, கிட்டத்தட்ட அதுபோல. ஆங்கிலத்தின் சகோதர மொழியான ஜெர்மனில் அந்த ஒலி இன்றும் உயிரோடு இருக்கிறது. மகளுக்கு அவர்கள் சொல்லும் சொல் ஏறக்குறைய 'டொஃஹ்டர்' என்று ஒலிக்கும். ஆரோவிலில் ஜெர்மன்காரர் யாரையாவது பார்த்தால் அந்தச் சொல்லை ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கில டாட்டரில் வெறுமனே உட்கார்ந்திருக்கும் ஜி-எச் அங்கே ஒலிப்பது தெரியும்.

பழைய ஆங்கிலத்தில் அந்த ஒலியை வெறும் எச் போட்டு எழுதினார்கள். 1066-ல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அதன் பிறகு பிரெஞ்சு வழக்கில் பழகிய எழுத்தர்கள் கையில் நாளடைவில் அது ஜி-எச் ஆனது. 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக உறைந்து நின்றுவிட்டது. வாய் மட்டும் நிற்கவில்லை, அடுத்த இருநூறு ஆண்டில் அந்தத் தொண்டை ஒலியை மெல்ல மெல்ல விட்டுவிட்டது.

இது நமக்குப் புதிதில்லை. நாம் 'போகிறேன்' என்று எழுதுகிறோம், 'போறேன்' என்று சொல்கிறோம். 'வருகிறது' என்று எழுதி 'வருது' என்கிறோம். நடுவில் இருக்கும் கி எங்கே போனது? பேச்சில் தேய்ந்துவிட்டது, எழுத்தில் நிற்கிறது. தோ என்ற சொல்லின் ஜி-எச்சும் நம் போகிறேனின் கி-யும் ஒரே கதை. இதைச் சொன்ன நாளிலிருந்து என் வகுப்பில் யாரும் ஆங்கிலத்தைப் பைத்தியக்கார மொழி என்று சொல்வதில்லை.

தேஞ்சு போச்சுன்னா சரி. ஆனா ரஃப், காஃப்ல எப்படி 'ஃப்' ஆச்சு?

தொண்டையில் உரசும் காற்றும், கீழுதட்டில் உரசும் காற்றும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். பக்கத்தில் உதட்டைக் குவித்துச் சொல்லும் உயிரொலி இருந்தால் உரசல் தொண்டையை விட்டு உதட்டுக்கு நகர்ந்துவிடுவது எளிது. இங்கிலாந்தின் சில வட்டாரங்களில் ஒலி முழுக்க மறைந்தது, சில வட்டாரங்களில் 'ஃப்' ஆக மாறியது. பிறகு பொதுமொழி உருவானபோது ஒரு சொல்லை இந்த வட்டாரத்திலிருந்தும், இன்னொரு சொல்லை அந்த வட்டாரத்திலிருந்தும் எடுத்துக்கொண்டது. டஃப் அங்கிருந்து, டோ இங்கிருந்து. இப்படிக் கலந்து எடுத்ததால்தான் மேலே சொன்ன பதின்மூன்று சொல்லுக்கும் விதி இல்லாமல் போனது.

பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும் ஒரு தற்செயல்: பழைய ஒலிக்கு உவமையாக ஃ சொன்னேன். அது மாறி வந்த புது ஒலியையும் தமிழில் ஃ போட்டு 'ஃப்' என்றுதான் எழுதுகிறோம்.

தோ, தாட், த்ரூ, தரோ, டஃப். இந்த அஞ்சையும் கலந்து டிக்டேஷன் போட்டா என் பொண்ணு அழுதுடறா. எப்படிச் சொல்லித் தர்றது டீச்சர்?

ஐந்தையும் தனித்தனியாகப் படிக்க வைக்காதீர்கள். தோவை மட்டும் நன்றாக எழுதப் பழக்குங்கள்: டீ-எச்-ஓ-யூ-ஜி-எச், ஆறு எழுத்து. அதன் கடைசியில் ஒரு டீ சேர்த்தால் தாட், ஏழு எழுத்து. தோவின் முதல் இரண்டு எழுத்துக்கு அடுத்து ஓர் ஆர் நுழைத்தால் த்ரூ, அதுவும் ஏழு. தோவின் ஓ-வுக்குப் பின்னால் ஆர்-ஓ என்று இரண்டு எழுத்து நுழைத்தால் தரோ, எட்டு. தோவிலிருந்து முதல் எச்சை எடுத்துவிட்டால் டஃப், ஐந்து. ஒரு வீட்டைக் கட்டி, அதிலேயே அறையைச் சேர்ப்பது, எடுப்பது மாதிரி. எழுதி முடித்ததும் எழுத்தை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை சரியாக வந்தால் பெரும்பாலும் ஸ்பெல்லிங்கும் சரியாக இருக்கும்.

இன்னொன்று. த்ரூவும் தரோவும் ஆதியில் ஒரே சொல். 'ஊடே செல்வது' என்ற பழஞ்சொல்லை அழுத்திச் சொன்னது தரோ ஆனது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஊடுருவிச் செய்தால் அதுதானே முழுமையான வேலை? 'நோ தரோஃபேர்' என்ற பலகையை எங்காவது பார்த்தால் நின்று காட்டுங்கள். 'இந்த வழியாகப் போக முடியாது' என்பதில் பழைய பொருள் அப்படியே இருக்கிறது.

நான் பாண்டியில பிரெஞ்சும் படிக்கிறேன். ஓ-யூ பார்த்தா எனக்கு 'ஊ'ன்னுதான் வருது. மாத்திக்கணுமா?

மாற்ற வேண்டாம், பிரித்துக்கொண்டால் போதும். பிரெஞ்சில் ஓ-யூ சேர்ந்தால் 'ஊ'தான். போன்ஜூர், லூயி எல்லாம் அப்படித்தான். கடற்கரைச் சாலைப் பலகையில் குபேர் என்ற பெயரை ஜி-ஓ-யூ-பி-ஈ-ஆர்-டீ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பாய். அதில் ஓ-யூ 'உ'வாக ஒலிக்கிறது, கடைசி டீ ஒலிப்பதே இல்லை. எழுதியும் ஒலிக்காத எழுத்தோடு புதுச்சேரிப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பழகித்தான் வருகிறார்கள்.

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சூப், க்ரூப், கூப்பன் போன்றவற்றிலும் உன் 'ஊ' செல்லும். ஆனால் ஓ-யூவுக்குப் பின்னால் ஜி-எச் இருந்தால் அது பிரெஞ்சுச் சொல் அல்ல. நாலெழுத்து வரும் சொற்கள் ஏறக்குறைய எல்லாமே பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. அங்கே 'ஊ' செல்லுவது த்ரூ ஒன்றில்தான்.

போன்ல ப்ளௌன்னு டைப் பண்ணா சிவப்புக் கோடு போடுது. புத்தகம் தப்பா, போன் தப்பா?

இரண்டும் தப்பில்லை. போன் அமெரிக்க ஆங்கிலத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் பீ-எல்-ஓ-டபிள்யூ என்று நான்கே எழுத்தில் எழுதுவார்கள். டோனட்டையும் டி-ஓ-என்-யூ-டீ என்று சுருக்கி எழுதுவது அங்கே சகஜம். நம் பாடநூல்கள் பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றுகின்றன. தேர்வுத் தாளில் முழு நாலெழுத்தையும் எழுதுங்கள். போனில் மொழியை 'இங்கிலீஷ் இந்தியா' அல்லது 'யுகே' என்று மாற்றினால் கோடு போய்விடும்.

த்ரூவை டீ-எச்-ஆர்-யூன்னு எழுதலாமா? எல்லாரும் எழுதறாங்களே.

தோழிக்கு அனுப்பும் மெசேஜில் எழுதலாம். விண்ணப்பம், தேர்வு, அலுவலகக் கடிதம் எதிலும் கூடாது.

இவ்வளவு குழப்பம் இருக்கறப்போ, எல்லாரும் சேர்ந்து ஸ்பெல்லிங்கை மாத்திட வேண்டியதுதானே சார்?

(இதைக் கேட்டவர் வேலைத் தேர்வுக்குப் படிக்கும் தம்பி. போனில் 'சார்' என்றே தொடங்கிவிட்டார், நானும் திருத்தவில்லை.)

முயற்சி செய்தார்கள். 1906-ல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், முந்நூறு சொற்களை எளிய எழுத்தில் அச்சிடும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவிட்டார். தோ, த்ரூ, தரோ மூன்றும் ஜி-எச் உதிர்த்து அந்தப் பட்டியலில் இருந்தன. நாடாளுமன்றம் எதிர்த்தது, அதே ஆண்டு திட்டம் கைவிடப்பட்டது. அப்புறம் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் 1934-ல் தன் பக்கங்களில் இப்படிப்பட்ட எளிய எழுத்தைக் கொண்டுவந்தது. நாற்பது ஆண்டு பிடிவாதமாக எழுதிப் பார்த்துவிட்டு 1975-ல் பழைய த்ரூவுக்கும் தோவுக்குமே திரும்பிவிட்டது.

மாற்றாதது நல்லதுதான் என்பது என் கருத்து. ஒலிப்படி எழுதுவதென்றால் யார் ஒலிப்படி? தரோவை லண்டனில் ஒரு விதமாகவும் நியூயார்க்கில் ஒரு விதமாகவும் சொல்கிறார்கள் என்று இரண்டாம் பதிலிலேயே பார்த்தோம். 'போகிறேன்' என்பதைக் கடலூரில் 'போறேன்' என்போம், நாகர்கோவில் பக்கம் வேறு மாதிரி சொல்வார்கள். எழுத்து ஒன்றாக இருப்பதால்தான் எல்லாரும் ஒரே கடிதத்தைப் படிக்க முடிகிறது.

விக்கலுக்கு ஹிக்கப்னு சொல்றோம். ஒரு பழைய புத்தகத்துல அதுக்குக் கடைசியில காஃப் மாதிரி எழுதியிருந்துச்சே?

நல்ல கண் உனக்கு. விக்கலின் சத்தத்தை வைத்துப் பிறந்த சொல் அது. இருமலோடு ஏதோ தொடர்பு இருக்கும் என்று தவறாக எண்ணி, பிற்பாடு சிலர் அதன் வாலில் காஃப்பின் ஸ்பெல்லிங்கை ஒட்டிவிட்டார்கள். உச்சரிப்பு மட்டும் மாறவே இல்லை, எப்படி எழுதினாலும் 'ஹிக்கப்'தான். யூ-பீயில் முடியும் எளிய வடிவத்தையே எழுது. ஏழு ஒலிப் பட்டியலில் இதை நான் சேர்க்கவில்லை, ஏனென்றால் இந்த எட்டாவது ஒலி ஒரு தவறால் வந்தது.

இதேபோல் இன்னொன்று உண்டு. டிலைட் (மகிழ்ச்சி) பிரெஞ்சிலிருந்து வந்த சொல், அதில் ஜி-எச் இருந்ததே இல்லை. பக்கத்தில் லைட்டைப் பார்த்து, அதைப்போலவே இதற்கும் போட்டுவிட்டார்கள்.

வேர்டில் விளையாடறேன். கடைசி நாலு எழுத்தும் பச்சை, ஓ-யூ-ஜி-எச். முதல் எழுத்து மட்டும் தெரியல. ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தே தோத்துடறேன்.

(வேர்டில் என்பது ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் விளையாட்டு. சரியான எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை நிறம் வரும்.) ஒவ்வொன்றாகப் போடாதீர்கள். வரக்கூடியவை பெரும்பாலும் ஐந்து: பௌ, காஃப், டோ, ரஃப், டஃப். முதல் எழுத்துகள் முறையே பி, சி, டி, ஆர், டீ. இவற்றில் நான்கு எழுத்து ஒரே சொல்லில் இருக்கிறது. ப்ராக்ட், பி-ஆர்-ஏ-சி-டீ. பூவின் அடியில் இருக்கும் இலை போன்ற பகுதிக்கு அந்தப் பெயர். காகிதப்பூவில் நிறமாகத் தெரிவது அதுதான். பச்சை எழுத்துகளைக் கவலைப்படாமல் விட்டுவிட்டு அதைப் போடுங்கள். பி, ஆர், சி, டீ நான்கில் எதற்கு நிறம் வருகிறதோ அதுவே விடை. எதற்கும் வரவில்லை என்றால் டோ. ஒரே முயற்சியில் ஐந்தையும் பிரித்துவிட்டீர்கள். 'ஹார்டு மோடு' போட்டிருந்தால் மட்டும் இந்த வழி செல்லாது, கிடைத்த பச்சை எழுத்துகளை அடுத்த சொல்லிலும் வைத்தே ஆகவேண்டும்.

ஸ்க்ராபிள்ல இந்த நாலு கட்டையும் கையில வந்தா?

(எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் கட்டும் விளையாட்டு ஸ்க்ராபிள்.) சந்தோஷப்படுங்கள். ஓ 1, யூ 1, ஜி 2, எச் 4, மொத்தம் எட்டுப் புள்ளி. தனியாக வைத்தால் சொல் ஆகாது, முன்னாலோ பின்னாலோ ஓர் எழுத்து வேண்டும். பின்னால் டீ வைத்து 'ஆட்' என்று போட்டால், அதற்கு முன்னால் பி, எஃப், என், எஸ் எதுவும் ஒட்டும். அதாவது எதிராளிக்கும் வழி திறக்கும், பார்த்து வையுங்கள். ரஃப் பலகையில் இருந்தால் முன்னால் ஒரு டீ வைக்க ட்ராஃப் ஆகிவிடும். முன்னால் ஒரே எழுத்து சேர்ந்ததும் உள்ளே இருக்கும் ஒலியே மாறிப்போவதைப் பிள்ளைகள் இந்த விளையாட்டில்தான் நன்றாகக் கவனிக்கிறார்கள்.

ஒரே வார்த்தையில ரெண்டு தடவை இந்த நாலெழுத்து வருமா மிஸ்?

வரும். இங்கிலாந்தில் ஓர் ஊர், அங்கே பேர்பெற்ற பல்கலைக்கழகமும் இருக்கிறது: லஃப்பரோ. எல், நாலெழுத்து, பி, ஓ, ஆர், மறுபடி நாலெழுத்து. எழுதினால் பன்னிரண்டு எழுத்து வரும். முதல் நாலெழுத்து 'அஃப்', இரண்டாவது தரோவில் வரும் ஒலி. ஒரே பெயருக்குள் ஒரே எழுத்துக் கூட்டம் இரண்டு ஒலியாக நிற்கிறது.

லண்டனுக்கு மேற்கே ஸ்லௌ என்று இன்னோர் ஊர். அதே எழுத்தில் பாம்பு உரிக்கும் சட்டையைக் குறித்தால் ஸ்லஃப் என்று வாசிக்க வேண்டும். ஊர்ப்பெயர்களை எழுத்தைப் பார்த்து ஊகிக்கக் கூடாது, அந்த ஊர்க்காரரைத்தான் கேட்க வேண்டும். நம் கடலூரை ஆங்கிலேயர் எழுதி வைத்த எழுத்தைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் 'குட்டலோர்' என்று வாசிப்பதைக் கேட்டிருக்கிறோமே.

என் பையன் வகுப்புல சத்தமா வாசிக்க மாட்டேங்கறான் மேடம். தப்பா வந்தா சிரிப்பாங்கன்னு பயம். என்ன செய்ய?

என்னிடம் ஒரு பெண் வந்தாள். பள்ளி வாசிப்புப் போட்டியில் வறட்சி என்ற சொல்லை 'ட்ராட்' என்று வாசித்திருக்கிறாள். நடுவராக இருந்தவரே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் ஆங்கிலத்தில் வாயே திறக்கவில்லை. அவள் செய்தது என்ன? மூன்றாம் பதிலில் சொன்ன விதியை யாரும் சொல்லித்தராமலே தானே கண்டுபிடித்திருக்கிறாள். டீயில் முடிகிறது, அதனால் 'ஆட்'. அந்த விதி செல்லாத ஒரே சொல் அவள் கையில் கிடைத்துவிட்டது. இதை விளக்கிச் சொன்னதும் அவள் முகம் மாறியதை நான் மறக்கமாட்டேன்.

வீட்டில் பையன் தப்பாக வாசித்தால் உடனே திருத்தாதீர்கள். 'ஏன் அப்படி வாசிச்ச?' என்று கேளுங்கள். பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் சரியாகவும் இருக்கும். அப்புறம் சரியான ஒலியைச் சொல்லுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் போனில் அகராதியைத் திறந்து, ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டு இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள். அம்மாவும் கற்றுக்கொள்கிறாள் என்று தெரிந்தால் பிள்ளைக்குப் பாதி பயம் போய்விடும்.

ஏழு ஒலியும் வர்ற மாதிரி ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க மிஸ், அதை மட்டும் படிச்சுக்கறேன்.

நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவரை நினைத்துக்கொண்டு வகுப்பில் எல்லாரும் சேர்ந்து கட்டியது: 'தோ த ட்ரௌட் வாஸ் டஃப், த ஃபார்மர் ப்ளௌட் த்ரூ, பாட் காஃப் சிரப் அண்ட் டிட் அ தரோ ஜாப்.' வறட்சி கடுமையாக இருந்தாலும் அந்த விவசாயி விடாமல் உழுதார், இருமல் மருந்து வாங்கினார், வேலையை முழுமையாகச் செய்தார். நாலெழுத்து வரும் சொல் எட்டு, ஒலி ஏழு. ட்ரௌட்டும் ப்ளௌட்டும் மட்டும் ஒரே ஒலி.

முதலில் வாய்ப்பாடு மாதிரி சொல்லிப் பழகு. பிறகு யாரையாவது வாசிக்கச் சொல்லி, ரஃப் நோட்டில் எழுது. எட்டில் ஐந்து சரியாக வந்தால் முதல் நாளுக்கு அதுவே நிறைய.